சோதனைக்குழாயில் மறையும் ஊதா நிறம் எதைச் சொல்கிறது?

அன்புள்ள மாணவருக்கு,

வணக்கம். உயிர்வேதியியல் முதுகலை ஆய்வேட்டுக்காக நீங்கள் எடுத்துக்கொண்ட தாவரத்தின் இலைச் சாறு, ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) திறனை நிறமாற்றத்தால் அளக்கும் டி.பி.பி.எச். சோதனையில் வைட்டமின் சி-க்கு ஏறத்தாழ இணையான மதிப்பைக் காட்டியிருக்கிறது என்றும், அடுத்த கட்டமாக எலிகளுக்குக் கல்லீரலைச் சிதைக்கும் நச்சான கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து, அந்தச் சாறு கல்லீரலைக் காக்கிறதா என்று பார்க்கும்படி நெறியாளர் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இதற்கிடையே, ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளை மனிதர்களிடம் சோதித்த பெரிய ஆய்வுகள் பல எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று படித்ததும் உங்களுக்குக் கலக்கம் வந்துவிட்டது. இந்தத் துறையே தவறான அடித்தளத்தில் நிற்கிறதா, வெயிலில் வளர்த்த செடியின் இலையில் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு நிழல் செடியைவிட அதிகமாக இருந்ததை எப்படிப் புரிந்துகொள்வது, எலியில் எவற்றை அளப்பது, எந்த மாற்றமும் தென்படாவிட்டால் ஆய்வேடு என்னாகும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசி வரியில், பல ஆண்டுகளாகப் புகைபிடிக்கும் உங்கள் அப்பா, நுரையீரலுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டுவருவதாகப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஆய்வேடு இரண்டு நாள் காத்திருக்கலாம், அது காத்திருக்கக் கூடாது.

உங்கள் அப்பா அந்த மாத்திரையை நிறுத்திவிடுவது நல்லது. வேறு நோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகள் எதையும் இதனோடு சேர்த்து நிறுத்திவிட வேண்டாம். மாத்திரை அட்டையை எடுத்துப்போய் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையிலான, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. எடுக்காதவர்களைவிட 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில், புகைபிடிப்பவர்கள், முன்பு பிடித்து விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-வும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும் மொத்த இறப்பு 17 விழுக்காடும் கூடியிருப்பதைக் கண்டு, திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதங்கள் முன்பாகவே 1996-இல் மாத்திரை கொடுப்பதை நிறுத்தினார்கள். காய்கறி, பழங்களில் இயல்பாக இருக்கும் கரோட்டினுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. அவற்றை அவர் தாராளமாகச் சாப்பிடலாம். செறிவான மாத்திரையும் புகை படிந்த நுரையீரலும் சேர்வதுதான் ஆபத்து. புகைப்பதை விடுவதற்கு ஈடான மாத்திரை எதுவும் இல்லை என்பதையும் நீங்களே அவரிடம் சொல்லுங்கள். இந்தச் செய்தி முன்பின் தெரியாத என்னிடமிருந்து வருவதைவிடப் பிள்ளையிடமிருந்து வருவது அவர் மனத்தில் தைக்கும்.

இனி உங்கள் கலக்கத்துக்கு வருகிறேன். அந்த ஆய்வுகளைத் தொடங்கியவர்கள் ஆதாரமில்லாமல் தொடங்கவில்லை. கரோட்டின் மிகுந்த உணவு உண்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பது பல கணக்கெடுப்புகளில் தெரிந்திருந்தது. ஆற்றல் ஏறி எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவமான சிங்லெட் ஆக்சிஜனைப் பீட்டா கரோட்டின் அடக்கும் என்பதும் ஐயத்துக்கு இடமில்லாத வேதியியல். ஆனால், ரத்தத்தில் கரோட்டின் அதிகமாக இருப்பவர் பொதுவாகக் காய்கறியை நிறைய உண்பவர். அவரைக் காத்தது கரோட்டின்தானா, காய்கறியில் உள்ள வேறொன்றா, அல்லது அவருடைய பிற பழக்கங்களா என்பதைக் கணக்கெடுப்பால் பிரித்துச் சொல்ல முடியாது. மேலும், புகை படும் நுரையீரலில், ஆக்சிஜன் செறிந்த சூழலில், பீட்டா கரோட்டின் தானே உடைந்து ஆக்சிஜனேற்றமடைந்த துண்டுகளாகிறது. ஃபெரெட் என்னும் விலங்குக்கு அதிக அளவு பீட்டா கரோட்டினையும் சிகரெட் புகையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, நுரையீரல் திசுவில் புற்றுநோய்க்கு முந்தைய நிலையை ஒத்த மாற்றங்கள் தோன்றின. இலையில் ஒளிச்சேர்க்கை அமைப்பைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் அதே மூலக்கூறுதான் இது. எனவே ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதை ஒரு பொருளின் பிறவிக் குணமாக எண்ணும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். எந்த ஆக்சிஜனேற்றப் பொருளுக்கு எதிராக, செல்லின் எந்த இடத்தில், எவ்வளவு செறிவில், எதைக் காப்பதற்காக என்ற நான்கையும் சொன்ன பிறகுதான் அந்தப் பெயருக்குப் பொருள் கிடைக்கிறது. நான் கீழே எழுதப்போவது முழுவதும் இந்த நான்கு கேள்விகளையே சுற்றிவரும்.

துறையின் அடித்தளம் உறுதியானதுதான். தூய ஆக்சிஜனால் உயிரினங்களுக்கு ஏற்படும் கேடும் எக்ஸ் கதிரால் ஏற்படும் கேடும் ஃப்ரீ ராடிக்கல் (இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் மூலக்கூறு) என்னும் ஒரே வழியில் நிகழ்கின்றன என்ற கருத்தை ரெபெக்கா கெர்ஷ்மனும் அவருடைய குழுவினரும் 1954-இல் முன்வைத்தார்கள். முதுமைக்கும் அதுவே காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் 1956-இல் எழுதினார். ஆனாலும், ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானைப் பெற்று உண்டாகும் ராடிக்கலான சூப்பராக்சைடு போன்ற ஒரு பொருள் உயிருள்ள செல்லுக்குள் உண்மையில் உண்டாகிறதா என்ற ஐயம் பலருக்கு நீங்கவில்லை. 1969-இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும், ரத்தச் சிவப்பணுக்களில் செம்பைத் தாங்கிய புரதமாக முப்பது ஆண்டுகளாக அறியப்பட்டிருந்த, வேலை என்னவென்று மட்டும் தெரியாமலிருந்த ஒன்று, சூப்பராக்சைடை நீக்கும் நொதி என்று காட்டினார்கள். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று நாம் இன்று அழைப்பது அதைத்தான். ஒரு பொருளை நீக்குவதற்கென்றே உயிரினங்கள் தனி நொதியைப் பேணுகின்றன என்றால், அந்தப் பொருள் அங்கே உண்டாகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் மாங்கனீஸ் வகை டிஸ்மியூட்டேஸை மரபணு மாற்றத்தால் முற்றிலும் நீக்கிய சுண்டெலிகள் பிறந்து மூன்று வாரங்களைக்கூடத் தாண்டுவதில்லை. செல் நீர்மத்தில் இருக்கும் செம்பு–துத்தநாக வகையை நீக்கிய சுண்டெலிகளோ வளர்கின்றன, ஆனால் அவற்றின் ஆயுள் குறைகிறது, பிற்காலத்தில் கல்லீரல் புற்றுநோய்க்கு ஆளாகின்றன. ஒரே வினையைச் செய்யும் இரண்டு நொதிகள். இருக்கும் இடம் வேறு என்பதால் இழப்பின் விளைவும் இவ்வளவு வேறுபடுகிறது.

உறுதியான அடித்தளத்தின் மீது அவசரமாகக் கட்டிய மாடிகள்தான் ஆட்டம் கண்டன. ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் நொதியான கேட்டலேஸையும் டிஸ்மியூட்டேஸையும் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும்படி மாற்றிய சுண்டெலிகளின் ஆயுள் நீளவில்லை என்று 2009-இல் வெளியான விரிவான ஆய்வு காட்டியது. மண்ணுக்கடியில் வாழும் ரோமமில்லாத துன்னெலி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அதன் திசுக்களில் இளமையிலேயே ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்கள் சுண்டெலியைவிட அதிகம். ஆகவே சேதம் கூடினால் ஆயுள் குறையும், ஆன்டிஆக்ஸிடன்ட் கூடினால் ஆயுள் நீளும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு நிற்கவில்லை. அதேவேளை, குறைபாடு உண்மையாகவே இருக்கும் இடத்தில் இந்தப் பொருட்கள் கண்முன்னே வேலை செய்கின்றன. செலினியம் குறைந்த நிலத்தில் மேயும் ஆட்டுக்குட்டிகளுக்கும் கன்றுகளுக்கும் வரும் வெண்தசை நோயைச் செலினியமும் வைட்டமின் ஈ-யும் தடுக்கின்றன, ஏனெனில் பெராக்சைடுகளை நீக்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியின் மையத்திலேயே செலினியம் அமர்ந்திருக்கிறது. வைட்டமின் ஈ-யைக் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்கு ஏற்றும் புரதம் பிறவியிலேயே பழுதானவர்களுக்கு நடை தள்ளாடும். வைட்டமின் ஈ-யை அதிக அளவில் கொடுத்தால் அந்த நோய் முற்றுவது தடைபடுகிறது. வயது முதிர்வால் விழித்திரையின் மையப்பகுதி சிதைந்துவருபவர்களில், இடைநிலையை எட்டியவர்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட்டும் துத்தநாகமும் சேர்ந்த கலவை கொடுத்தபோது, நோய் கடும் நிலைக்குப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்ததாக 2001-இல் தெரியவந்தது. தொடக்க நிலையில் இருந்தவர்களுக்கு அதனால் தெளிவான பயன் தெரியவில்லை. யாருக்கு, எந்தத் திசுவில், எந்தக் கட்டத்தில் என்ற வரையறை இருந்த இடங்களில் பயன் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் டி.பி.பி.எச். மதிப்பை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். மெத்தனாலில் கரைத்த டி.பி.பி.எச். அடர்ந்த ஊதா நிறத்தில் இருக்கிறது. இலைச் சாற்றைச் சேர்த்து அரைமணி நேரம் இருட்டில் வைத்தால் நிறம் வெளுத்து மஞ்சளாகிறது. 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் எவ்வளவு குறைந்தது என்று படிக்கிறீர்கள். இதில் நடந்தது, உங்கள் சாற்றிலுள்ள ஏதோ ஒரு பொருள் டி.பி.பி.எச்.-க்கு எலக்ட்ரானையோ ஹைட்ரஜன் அணுவையோ தந்தது, அவ்வளவுதான். டி.பி.பி.எச். நைட்ரஜனை மையமாகக் கொண்ட, புட்டியில் அடைத்து வைக்கும் அளவுக்கு நிலையான ராடிக்கல். எந்த உயிரினத்தின் உடலிலும் அது இல்லை. செல்லுக்குள் மெத்தனாலும் இல்லை. சூப்பராக்சைடோ ஹைட்ரஜன் பெராக்சைடோ ஹைட்ராக்சில் ராடிக்கலோ உங்கள் சாற்றோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தச் சோதனை சொல்லவில்லை. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இயல்பு கொண்டவை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஒப்பீட்டளவில் அமைதியானது, சவ்வுகளைக் கடந்து செல்லக்கூடியது, இரும்பையோ செம்பையோ சந்திக்காதவரை பெரிய கேடு செய்யாது. இரும்பைச் சந்தித்து அது ஹைட்ராக்சில் ராடிக்கலாக மாறிவிட்டால், அடுத்த கணமே எதிரில் எது இருந்தாலும் தாக்கிவிடும். செல்லில் புரதமும் சர்க்கரையும் கொழுப்பும் மலைபோலக் குவிந்திருக்க, மைக்ரோமோலார் என்னும் மிகச் சிறு செறிவில் மிதக்கும், உங்கள் சாற்றிலுள்ள பாலிஃபீனால் என்னும் தாவரப் பொருள் அவற்றையெல்லாம் முந்திக்கொண்டு ஹைட்ராக்சிலைப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு வழியே இல்லை. ஹைட்ராக்சிலுக்கு எதிரான உண்மையான காப்பு அது உருவாகாமல் தடுப்பதுதான்: பெராக்சைடை நொதிகளால் நீக்குவது, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினுக்குள் அதை பூட்டிவைப்பது. நீங்கள் அளந்த பண்புக்கு இவ்விரண்டோடும் தொடர்பில்லை.

இதனால் அந்தச் சோதனையைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும்போது எந்தப் பகுதியில் ஃபீனால்கள் சேர்கின்றன என்று பின்தொடர்வதற்கு அது மலிவான, விரைவான கருவி. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. சாற்றின் நிறமே 517 நானோமீட்டருக்கு அருகில் ஒளியை உறிஞ்சக்கூடும், குறிப்பாக ஆந்தோசயனின் உள்ள சிவந்த இலைகளில், டி.பி.பி.எச். இல்லாமல் சாற்றை மட்டும் வைத்த குழாயையும் ஒவ்வொரு செறிவிலும் படித்து அதைக் கழித்துவிடுங்கள். பாதி நிறத்தை நீக்கத் தேவைப்படும் செறிவு, நீங்கள் தொடக்கத்தில் எடுத்த டி.பி.பி.எச். அளவைப் பொறுத்து மாறும். எனவே வேறொருவர் வேறொரு செறிவில் எடுத்த மதிப்போடு உங்கள் மதிப்பை ஒப்பிட்டு, உங்கள் இலையே மேலானது என்று எழுதிவிடாதீர்கள். உணவுப் பொருட்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை இப்படிச் சோதனைக்குழாயில் அளந்து தொகுத்த ஓராக் என்ற பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது. அந்த எண்களுக்கும் உடலுக்குள் நிகழும் விளைவுக்கும் தொடர்பு இல்லை, விற்பனையாளர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

குடலைத் தாண்டும் கட்டம் இன்னும் கடுமையானது. உட்கொண்ட ஃபிளேவனாய்டுகளில் (பாலிஃபீனால்களில் ஒரு வகை) சிறு பங்குதான் உறிஞ்சப்படுகிறது; அதையும் குடல் சுவரும் கல்லீரலும் சல்ஃபேட், குளூகுரோனைடு வடிவங்களாக மாற்றிவிடுகின்றன; ரத்தத்தில் அவற்றின் அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாரையொட்டி, அதுவும் சில மணி நேரமே நிற்கிறது. ஆப்பிள் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் கூடுவதைக் கண்டு, அதற்கு ஃபிளேவனாய்டுகளே காரணம் என்று பலர் எண்ணியிருந்தார்கள். கவனமாகப் பார்த்தபோது, பழத்திலுள்ள ஃபிரக்டோஸ் சர்க்கரையால் உடலே உண்டாக்கிய யூரிக் அமிலம்தான் அந்த ஏற்றத்துக்குப் பெரிதும் காரணம் என்று தெரிந்தது. இந்த எடுத்துக்காட்டை நான் திரும்பத் திரும்ப மாணவர்களிடம் சொல்வதுண்டு, ஏனெனில் அளவீடு சரியாகவே இருந்தும் முடிவு தவறிப்போகக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்று எனக்குத் தெரியவில்லை. தாவரப் பொருட்களால் உடலுக்கு நன்மை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. சல்ஃபோராஃபேன் போன்றவை ராடிக்கலைத் தாமே பிடிப்பதில்லை. கீப்1 என்னும் புரதத்தைத் தொட்டு, என்.ஆர்.எஃப்.2 என்னும் மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதத்தை விடுவித்து, செல்லின் சொந்தக் காப்பு நொதிகளைக் கூட்டுகின்றன. உங்கள் இலைச் சாறு எலியில் ஏதேனும் செய்தால், அது இப்படி ஒரு வழியில் செய்வதற்கே வாய்ப்பு அதிகம்.

வெயில் செடி, நிழல் செடி பற்றிய உங்கள் கேள்விதான் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. விலங்கு வெயில் சுட்டால் நகர்ந்துவிடும்; இலை நின்ற இடத்திலேயே அத்தனை ஒளியையும் வாங்கியாக வேண்டும். கார்பன் டை ஆக்சைடை நிலைப்படுத்தும் வேகத்தைவிட ஒளி அதிகமாக வந்து விழும்போது, பசுங்கணிகத்தில் மிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கிறது: இரண்டாம் ஒளி அமைப்பில் சிங்லெட் ஆக்சிஜனாக, முதலாம் ஒளி அமைப்பில் சூப்பராக்சைடாக. சிங்லெட் ஆக்சிஜனை அருகிலேயே காத்து நிற்கும் கரோட்டினாய்டுகளும் டோகோஃபெராலும் (வைட்டமின் ஈ) அடக்குகின்றன. வயோலாசாந்தின் என்னும் நிறமி சில நிமிடங்களில் சியாசாந்தினாக மாறி, மிஞ்சிய ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற உதவுகிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸால் பெராக்சைடாகி, அந்தப் பெராக்சைடு அஸ்கார்பேட்டால் (வைட்டமின் சி) நீராகிறது. செலவான அஸ்கார்பேட்டைக் குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறின் துணையோடு மீட்கும் சுழற்சிக்கு ஃபோயர், ஹாலிவெல், அசாடா ஆகிய மூவரின் பெயரும் இடப்பட்டிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு எஞ்சும் சேதத்தில் இரண்டாம் ஒளி அமைப்பிலுள்ள டி1 என்னும் புரதம் சிதைகிறது. இலை அதைப் புதிதாகச் செய்து மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே வெயிலிலையில் அஸ்கார்பேட்டும் வயோலாசாந்தின் போன்ற சாந்தோஃபில் நிறமிகளும் கூடுவது இயல்பான பழக்கப்படுதல். அதை வைத்து அந்தச் செடி நலமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, நோயில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஒரு தெருவில் காவலர்கள் அதிகமாக நிற்பதை மட்டும் பார்த்துவிட்டு, அங்கே அமைதி நிலவுகிறதா கலவரம் நடக்கிறதா என்று சொல்ல முடியாததைப் போன்றதுதான் இது. ஒளிச்சேர்க்கைத் திறனை, அதாவது அதைக் காட்டும் குளோரோஃபில் ஒளிர்வின் எஃப்.வி./எஃப்.எம். விகிதத்தை அதிகாலையில் அளந்து பக்கத்தில் வைத்தால்தான் விடை கிடைக்கும். அது ஏறத்தாழ 0.8-ஐ ஒட்டி இருந்தால் இலை சமாளிக்கிறது, வெகுவாகக் கீழிறங்கியிருந்தால் காப்பையும் மீறிச் சேதம் நிகழ்கிறது.

இடமும் மூலமும் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தாவர உலகமே நல்ல சான்று தருகிறது. கேட்டலேஸ் மிகக் குறைந்த பார்லி வகை ஒன்றைச் சாதாரணக் காற்றில் வெளிச்சத்தில் வைத்தால் இலை கருகிப்போகிறது. கார்பன் டை ஆக்சைடு மிகுந்த காற்றில் அதே செடி பழுதில்லாமல் வளர்கிறது. கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் ஒளிச்சுவாசம் (வெளிச்சத்தில் இலை ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும் வினை) அடங்கிவிடும்; செல்லின் சிறு உறுப்பான பெராக்சிசோமில் பெராக்சைடு பெருகும் ஊற்று அதோடு வற்றிவிடும் என்பதால்தான் இந்த வேறுபாடு. அந்தச் செடிக்குக் கேட்டலேஸ் ஒளிச்சுவாசத்தின் பெராக்சைடுக்காகவே பெரிதும் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: உயிரினங்கள் இந்தப் பொருட்களை வேண்டுமென்றே உண்டாக்கவும் செய்கின்றன. நம் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கியதும் என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் நொதியால் சூப்பராக்சைடைப் பொழிகின்றன. அந்த நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் மீண்டும் மீண்டும் கடுமையான தொற்றுகளுக்கு ஆளாகிறார்கள். அதே நொதியின் உறவுகள் தாவரங்களிலும் இருக்கின்றன. நோய்க்கிருமி தாக்கும்போது அவை பெராக்சைடு அலையை எழுப்புகின்றன, வேர்த்தூவி நீள்வதற்கும் அவற்றில் ஒன்று தேவைப்படுகிறது. மனிதரில் உடற்பயிற்சியே ஒரு சான்று. இளைஞர்களுக்கு நான்கு வாரப் பயிற்சியோடு நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்த, 2009-இல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது. எடுத்தவர்களுக்கு அந்த மேம்பாடு கிடைக்கவில்லை. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற கருத்துக்கு 1985-இல் வடிவம் தந்த ஹெல்முட் சீஸ், ஆக்சிஜனேற்றப் பொருட்களுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்களுக்கும் இடையிலான சமநிலை முன்னவற்றின் பக்கம் சாய்வது என்றுதான் முதலில் வரையறுத்தார். பிற்காலத்தில், உடல் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் மிதமான அளவையும் சேதம் விளைவிக்கும் மிகையையும் அவரே பிரித்துப் பேசினார். உங்கள் ஆய்வேட்டின் முன்னுரையில் ஃப்ரீ ராடிக்கல்களைக் கொடிய எதிரிகளாக மட்டும் சித்திரித்துத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது எலிகள். கார்பன் டெட்ராகுளோரைடு தானாகக் கல்லீரலைச் சிதைப்பதில்லை. சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்த 2இ1 என்னும் நொதி அதை ட்ரைகுளோரோமெத்தில் ராடிக்கலாக மாற்றிய பிறகே கொழுப்புச் சவ்வுகள் தாக்கப்படுகின்றன. உங்கள் சாற்றில் அந்த நொதியைத் தடுக்கும் பொருள் ஒன்று இருந்தால், ராடிக்கலே உண்டாகாது. கல்லீரல் தப்பிக்கும், எல்லா அளவீடுகளும் அழகாக இருக்கும், சாறு ராடிக்கலைப் பிடித்துக் காத்தது என்று நீங்கள் எழுதுவீர்கள். அது உண்மையாக இராது. இத்தகைய கல்லீரல் காப்பு ஆய்வுகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த ஐயத்துக்கான விடையைத்தான், பல நேரங்களில் அது இருப்பதில்லை. நெறியாளரிடம் பேசி மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாற்றை மட்டும் பெற்ற எலிகளின் கல்லீரலில் 2இ1 நொதியின் செயல்பாட்டை அளவிடுங்கள். ஒரு குழுவுக்கு நச்சைக் கொடுத்து, அது ராடிக்கலாக மாறும் கட்டம் கடந்த பிறகு சாற்றைக் கொடுங்கள். நச்சும் சாறும் ஒரே வேளையில் வயிற்றில் கலக்காதபடி இரண்டின் நேரத்தையும் வழியையும் பிரித்துவையுங்கள். இல்லாவிட்டால் சாறு நச்சின் உறிஞ்சலைக் குறைத்ததா என்ற கேள்வி எழும். விலங்கு ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி கைக்கு வருவதற்கு முன் ஒரு எலியைக்கூடத் தொடாதீர்கள். குழுவுக்கு எத்தனை எலி என்பதை வழக்கத்தால் முடிவுசெய்யாமல், எவ்வளவு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள் என்பதிலிருந்து கணக்கிடுங்கள். எந்த எலி எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குங்கள். திசு வெட்டுகளைப் பார்ப்பவருக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவீடுகளில் நீங்கள் பட்டியலிட்ட மூன்றும், அதாவது மலோன்டைஆல்டிஹைடு (கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதையும்போது உண்டாகும் பொருள்), டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் ஆகியவை, தனியாக நின்றால் போதா. தயோபார்பிட்டூரிக் அமிலத்தோடு கொதிக்கவைத்து, இளஞ்சிவப்பு நிறத்தை 532 நானோமீட்டரில் படிக்கும் முறையில், கொதிக்கும் அந்த அமிலக் குழாயிலேயே புதிதாக மலோன்டைஆல்டிஹைடு உண்டாகிறது. சர்க்கரைகளும் பிலிரூபின் என்னும் மஞ்சள் பித்த நிறமியும்கூட நிறம் தரும். கல்லீரல் பழுதான எலியில் பிலிரூபின் கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்: நீங்கள் அளக்க விரும்பும் நோயே உங்கள் அளவீட்டைத் திரிக்கிறது. திசுவை அரைக்கும் கரைசலிலேயே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன் (BHT) சேர்த்துவிடுங்கள், முடிந்தால் எச்.பி.எல்.சி. என்னும் நீர்மப் பகுப்புக் கருவி வழியாகப் பிரித்து அளவிடுங்கள். கொழுப்புச் சேதத்தின் இன்னோர் அடையாளமான எஃப்2-ஐசோபுரோஸ்டேன் அளக்கும் வசதி வேறொரு ஆய்வகத்தில் கிடைக்குமானால் அது இன்னும் நம்பகமானது. கேட்டலேஸ் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சிவப்பணுக்களில் கேட்டலேஸும் டிஸ்மியூட்டேஸும் ஏராளம். கல்லீரலை வெட்டியெடுக்கும் முன், குளிர்ந்த உப்புக்கரைசலைச் செலுத்தி, செந்நிறம் போய் வெளிர்ந்த பழுப்பாகும்வரை ரத்தத்தைக் கழுவாவிட்டால், எந்த எலியின் கல்லீரலில் எவ்வளவு ரத்தம் தங்கியது என்பதைத்தான் நொதியின் பெயரால் அளந்துகொண்டிருப்பீர்கள். குளூட்டாதயோனைப் பொறுத்தவரை, ஆக்சிஜனேற்றமடைந்த வடிவமும் அடையாத வடிவமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதே செய்தி. ஆனால் திசுவை அரைத்த சில நிமிடங்களிலேயே அந்த விகிதம் மாறிவிடும், எனவே என்-எத்தில்மாலிமைடு என்னும் வேதிப்பொருளை முன்கூட்டியே சேர்த்து அந்த விகிதத்தை மாறாமல் நிறுத்தியாக வேண்டும். இவற்றோடு கல்லீரல் பழுதானால் ரத்தத்தில் கசியும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகளின் சீர அளவும் திசு வெட்டும் கட்டாயம் இருக்கட்டும். கல்லீரல் உண்மையில் தப்பியதா என்பதை இறுதியில் அவைதான் சொல்லும்.

டிஸ்மியூட்டேஸ் கூடுவது நல்லதா கெட்டதா என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவையுங்கள். நச்சால் நொதி சிதைந்து அளவு குறையலாம். நச்சை எதிர்கொள்ளச் செல் அதைக் கூட்டவும் செய்யலாம். முடிவு வந்த பிறகு, கூடினால் காப்பு வலுத்தது என்றும் குறைந்தால் அழுத்தம் தணிந்தது என்றும் எழுதும் பழக்கம் இத்துறையில் வேரோடியிருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெற்றி என்று சொல்லும் அளவீட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வராது. ஆய்வுக் குறிப்பேட்டில் தேதியிட்டு, எந்த அளவீடு எந்தத் திசையில் எவ்வளவு மாறினால் உங்கள் கருதுகோள் தவறு என்று ஏற்பீர்கள் என ஒரு பக்கம் எழுதி, நெறியாளரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கம் இருந்தால், மாற்றமே தென்படாவிட்டால் என்ன செய்வது என்ற உங்கள் அச்சத்துக்கும் விடை இருக்கிறது. டி.பி.பி.எச். சோதனையில் வலுவாக இருந்த சாறு, போதுமான எலிகளில், ரத்தம் கழுவிய கல்லீரலில், 2இ1 நொதியையும் அளந்து பார்த்தபோது எந்தக் காப்பும் தரவில்லை என்ற முடிவு, இதே தாவரத்தை எடுக்கப்போகும் அடுத்த மாணவருக்கும் அவர் பயன்படுத்தவிருந்த எலிகளுக்கும் பெரும் உதவி. மாற்றமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், ஒவ்வொரு குழுவின் சராசரியையும் அதன் நம்பக எல்லைகளையும் தனித்தனி எலியின் மதிப்புகளையும் அட்டவணையாகக் கொடுங்கள். தேர்வாளர் ஏன் பயன் தரவில்லை என்று கேட்டால், சாற்றின் முக்கியப் பொருள் ரத்தத்தை எந்த அளவில் எட்டியது என்ற ஒரே ஓர் அளவீடு உங்களிடம் இருந்தால் போதும். அதற்காக ஒவ்வொரு எலியிடமும் எடுக்கும் ரத்தத்தில் கொஞ்சம் பிளாஸ்மாவை இப்போதே −80 டிகிரி உறைகலத்தில் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.